ஏழாம் மாடிக்குப் போன கட்டில்

சென்ற ஞாயிறு, நோர்வேயில் லோறென்ஸ்கூக்கில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில், பனிக்குள், அவனுடைய குழந்தை தள்ளுவண்டியில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. "வெளிக்காத்து நல்லதாம், ஹெல்சசோஸ்தர் சொன்னவா" என்றான்.

ஹெல்சசோஸ்தர் என்றால் பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வந்து பார்க்கும் தாதி. அந்தப் பெயரைக் கேட்டதும் பிள்ளை பெற்றவர்களுக்குக் காய்ச்சும் சரக்குக்கறியின் உள்ளி வாசம் என் மூக்கில் ஏறிவிட்டது. முன்பு ரொம்மனில் நாங்கள் தமிழர் பலர் சேர்ந்திருந்த தொடர்மாடி புளொக்குக்குத் தாதி வருகிற நாளில், ஜன்னலைத் திறந்து முதலில் விரட்டுவது அந்த வாசத்தைத்தான். அடுத்த வேலை கட்டில்.

எங்கள் பிள்ளைகள் தாயோடுதான் படுத்தன. தனிக்கட்டில் இல்லாவிட்டால் சிறுவர் நலக்காரர் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று யாரோ சொல்ல, எல்லாரும் நம்பினோம். ஆகவே புளொக் முழுவதற்கும் ஒரு குழந்தைக் கட்டில். தாதி போகும் வீட்டில் அவருக்கு முன்னரே அது போய் நிற்கும். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்பதால் நான் மொழிபெயர்ப்பாளன். குழந்தை வளர்ப்புப் பற்றி நூலகத்தில் நிறைய வாசித்திருந்தேன்; குழந்தையைத் தூக்கத்தான் தெரியாது.

ஒருநாள் மூன்றாம் மாடியில் கட்டிலைப் பார்த்து முடித்த தாதி, ஏழாம் மாடிக்கும் போகவேண்டும் என்றார். அங்கே ராஜி அக்காவுக்கு முதற்பிள்ளை. "தம்பி, என்ரை பிள்ளையைக் கொண்டுபோயிடுவினமோ?" என்று காலையிலிருந்து அழுகை. அவருடைய கணவர் குணம் அண்ணை கட்டிலை அந்த மூன்றாம் மாடி அறையிலிருந்து மெல்ல நகர்த்தும்வரை நான் பேச்சை இழுத்தேன். மூன்றாம் மாடி வீட்டுக்காரி சொன்ன "ஓம்" என்ற ஒரு சொல்லை, யாழ்ப்பாணத்து வெயிலையும் சேர்த்து, விரிவாக மொழிபெயர்த்தேன்.

கடைசியில் தாதி போய் லிஃப்டடியில் நின்றார். உள்ளே குணம் அண்ணை. கட்டிலின் கால் கதவில் சிக்கி லிஃப்ட் அசையவேயில்லை.

"டேய் படிச்சவனே, ஏதாவது சொல்லடா!" என்றார் குணம் அண்ணை.

எனக்கு நோர்வேஜிய மொழி முழுவதும் மறந்துபோயிற்று. தாதி தன் பையைக் கட்டிலுக்குள் வைத்தார். சிக்கியிருந்த கட்டில் காலை உள்ளே இழுத்தார். ஏழாம் இலக்கத்தை அமுக்கினார்.

கட்டிலையும் தாதியையும் ஒன்றாகக் கண்ட ராஜி அக்கா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டார். தாதி மெல்ல வாங்கி நிறுத்துப் பார்த்தார். நன்றாக வளர்கிறாள், எங்கே படுக்கிறாள் என்று கேட்டார். நான் ஒரு பொய்யைத் தயார்செய்வதற்குள் அக்கா தன் படுக்கையைக் காட்டி, "என்னோடை" என்றார்.

"வீட்டில் யாராவது புகைக்கிறார்களா?" இல்லை. "அப்படியானால் தடித்த போர்வை மட்டும் வேண்டாம்." அவ்வளவுதான். அக்கா அழுதார், குணம் அண்ணையும்.

வெளியேறும்போது தாதி கேட்டார்: "வியாழக்கிழமை பக்கத்து புளொக்குக்கு வருகிறேன். அங்கேயும் இதே கட்டில்தானா?"

பிறகு ஆளுக்கொரு வீடு வாங்கிச் சிதறிப்போனோம். பிள்ளைக்குத் தனியறை, அந்தப் பயமும் இல்லை. இப்போது தாதி வந்தால் வீட்டில் இரண்டே பேர்: ஒருவர் கதவு திறக்கிறார், மற்றவர் கோப்பி ஊற்றுகிறார்.