தள்ளி நின்ற ஆட்டோ

எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டுக்குக் கொஞ்ச நாள் புத்தி பிசகியிருந்தது. விரலை ஓரிடத்தில் வைத்தால் புள்ளி வேறோர் இடத்தில் விழும். வெள்ளையடிக்க வந்தவர்களின் ஏணி, கூரையில் தொங்கிய புரொஜெக்டரை ஒரு இடி இடித்துவிட்டுப் போனதிலிருந்து இந்தக் கூத்து. அந்த ஏணிக்காரரை நான் திட்டாத நாளில்லை. அவர் பாவம், சம்பளம் வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்.

பள்ளி பிரேசர் டவுனில் இருக்கிறது. நான் ஈஜிபுராவிலிருந்து பஸ் மாறி வருகிற கணக்கு டீச்சர், ஐம்பதைத் தாண்டியவள். வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது விதி. கணக்கு சூடு பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்கும் எனக்கும் விதி மறந்துபோகும். தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே வாக்கியத்துக்குள் இடித்துக்கொண்டு உட்காரும், சிவாஜி நகர் பஸ்ஸில் ஜனங்கள் உட்காருகிற மாதிரி. எனக்கு அதுதான் பிடிக்கும்.

போர்டு கெட்டது சரியாக எந்தப் பாடத்துக்கு என்று கேட்டால், ஆயத்தொலைவுப் பாடத்துக்கு. அதாவது கட்டம் போட்ட தாளில், இத்தனை கட்டம் வலது, இத்தனை கட்டம் மேலே என்று எண்ணி ஒரு புள்ளியைச் சரியான இடத்தில் வைக்கிற பாடம். சரியான இடத்தில் புள்ளி விழாத போர்டை வைத்துக்கொண்டு அதை எப்படி நடத்துவது? கம்ப்யூட்டர் சாரிடம் போய் நின்றேன்.

"செட்டிங்ஸ் லாக் ஆகியிருக்கு மேடம். பாஸ்வேர்டு கம்பெனிக்காரங்க கிட்டதான் இருக்கு. நாளே பர்த்தாரே" என்றார் அவர்.

நாளைக்கு வருவார்கள் என்று அர்த்தம். அந்த 'நாளே' இரண்டு வாரமாக வரவில்லை. கேட்கும்போதெல்லாம் அவர் அதே முகத்துடன் அதையே சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சாக்பீஸைக் கையிலெடுத்துக்கொண்டு பழைய கரும்பலகைக்குப் போகலாம் என்றால், அதன் மேல்தான் இந்த மகாராஜாவை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் உண்டு. பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. தண்டனையாக அவளைத்தான் அடிக்கடி போர்டுக்குக் கூப்பிடுவேன். அன்றைக்கும் கூப்பிட்டு, ஒரு புள்ளியைச் சொல்லி, வை பார்க்கலாம் என்றேன். பக்கத்துப் பெண்ணிடம் பாதியில் விட்ட கதையைத் திரும்பி முடித்துக்கொண்டே போனாள். சொன்ன இடத்தைத் தொடவில்லை. எங்கேயோ தள்ளித் தொட்டாள். புள்ளி நான் கேட்ட இடத்தில் சொல்லிவைத்தாற்போல் வந்து உட்கார்ந்தது.

"எப்படி வெச்ச?"

"ரெண்டு கட்டம் எடது, ஒரு கட்டம் கீழ தொட்டேன் மிஸ். இது எப்பவும் ரெண்டு வலது, ஒண்ணு மேல தானே தள்ளிவிடுது? நாம முன்னாடியே கழிச்சிட்டா சரியாப் போச்சு."

சொல்லிவிட்டு, இதிலென்ன இருக்கிறது என்பதுபோல் இடத்துக்குப் போய் மீதிக் கதையை ஆரம்பித்தாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். புரொஜெக்டரை ஏணி இடித்த அன்றே பாடம் தானாக நடந்து வந்து வகுப்பில் நின்றிருக்கிறது. நான்தான் அதற்கு ரிப்பேர்காரரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கோணலைச் சரிசெய்யச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகள் அவரவர் கட்டத்தாளில் ஆளுக்கொரு கோணல் போர்டு செய்தார்கள். ஒருத்தன் போர்டு மூன்று கட்டம் கீழே தள்ளும், இன்னொருத்தி போர்டு நான்கு கட்டம் பின்னால் இழுக்கும். எவ்வளவு தள்ளுகிறது என்பது ரகசியம். மற்றவர்கள் ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டுக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மணியடித்த பிறகும் விடமாட்டார்கள். அடுத்த வகுப்புக்கு வந்த சோஷியல் மிஸ் வாசலில் நின்று, "என்ன மேடம், சந்தையா?" என்று கேட்டதில் எனக்குப் பெருமைதான்.

பெரிய போர்டில் விளையாடியது ஆட்டோ. ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. வரிசையாக வந்து அவரவர் புள்ளியை வைத்துவிட்டுப் போக வேண்டும். கடைசியில் கோடு இழுத்தால் மூன்று சக்கரமும் கூரையுமாக ஆட்டோ வந்து நிற்கும். கொஞ்ச நாளில் எல்லார் கையும் பழகிவிட்டது. யாரும் எண்ணுவதில்லை. வந்தார்கள், இடது கீழே தொட்டார்கள், போனார்கள். எனக்கும் அப்படியே ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டனுப்பினார். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், அளந்து பேசுகிறவர். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வரும்.

"அடுத்த வருஷம் நைந்த், டென்த் ரெண்டும் முழுக்க டிஜிட்டல் கிளாஸ். போர்டை நல்லா ஹேண்டில் பண்றவங்களுக்குத்தான் கொடுக்கலாம்னு இருக்கோம். உங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னு நாலாவது, அஞ்சாவது யோசிச்சிருக்கேன்."

"எனக்குச் சிரமம்னு யார் சொன்னா மேடம்?"

"நீங்கதான் போர்டு சரியில்ல, சரியில்லன்னு கம்ப்ளெயின்ட் பண்ணிட்டு இருந்தீங்களாமே."

என் வாய் திறந்தது, தேவைக்கு அதிகமாகவே திறந்தது. கடைசியில் அவர் கையை உயர்த்தி, "சரி, வெள்ளிக்கிழமை ஒரு கிளாஸ் எடுங்க. நான் பின்னாடி உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றார்.

நான்காம் வகுப்பு மட்டமில்லை. அந்தக் குழந்தைகள் தங்கம். ஆனால் எனக்கு உயிர் ஒன்பதாவதுதான். அதுவரை எண்ணாக மட்டும் இருந்த கணக்கு திடீரென்று படமாக மாறுகிற வயசு அது. அந்த மாற்றம் ஒரு முகத்தில் நடக்கும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று உண்மையாகவே பயந்தேன். வீட்டில் சொன்னபோது பீன்யா தொழிற்சாலை வேலை முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டிருந்த கணவர், "ஆட்டோ ஓட்டிக் காமி, விட்டுடுவாங்க" என்றார். அவருக்கு எப்போதும் கிண்டல்தான். இருந்தாலும் அது நல்ல யோசனை என்று பட்டது.

வெள்ளிக்கிழமை மேடம் கடைசி பெஞ்சில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தார். பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் தடவி, ரிப்பன் கட்டி, அநியாயத்துக்கு ஒழுங்காக இருந்தார்கள். நான் கட்டங்களைத் திரையில் போட்டுவிட்டு, போர்டு தள்ளுகிற கதையை மேடத்துக்குச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் இடம் கொடுத்தால்தானே. "இப்ப பாருங்க மேடம்" என்று முதல் பையனைக் கூப்பிட்டுவிட்டேன்.

முன் சக்கரம் அவனுடையது. வந்தான், பழக்கப்படி தொட்டான். புள்ளி தவறான இடத்தில் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி தொட்டான். மறுபடியும் அங்கேயே விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவளுக்கும் அதே கதி. பின்னால் மேடம் பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நாலாம் வகுப்புக் குட்டி நாற்காலிகள் கண்முன்னே வந்து நின்றன.

என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஒரு வீம்பு வந்தது. கெட்டதுதான் கெட்டது, முழுசாகக் கெடட்டும்.

"யாரும் அழிக்காதீங்க. எல்லாரும் வரிசையா வாங்க. எப்பவும் எப்படித் தொடுவீங்களோ அப்படியே தொடுங்க. எங்க விழுந்தாலும் விடுங்க" என்றேன்.

வந்தார்கள், தொட்டார்கள், போனார்கள். ஒரு புள்ளிகூடத் தன் இடத்தில் இல்லை. கோடு இழுத்தேன். மூன்று சக்கரம், கூரை, கண்ணாடி, எல்லாம் முழுசாக ஆட்டோ வந்திருந்தது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் இல்லை, இடது பக்கம் கீழே தள்ளி நின்றது.

"வண்டி உடைஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். நோ பார்க்கிங்ல நிக்குது" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. மேடமும் சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"ஏன் உடையல?"

"எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி நகர்ந்திருக்கு மிஸ். ரெண்டு எடது, ஒண்ணு கீழ."

"நம்ம போர்டு வலது பக்கம்தானே தள்ளும்? இன்னைக்கு யார் இடது பக்கம் தள்ளினது?"

யாருக்கும் தெரியவில்லை. சத்தியமாக அந்த நொடியில் எனக்கும் தெரியாது. மூன்றாவது பெஞ்ச் பேச்சுக்காரி அன்றைக்குத்தான் அதிசயமாகப் பேசாமல் இருந்தாள். விரலைக் காற்றில் இரண்டு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நாமதான் மிஸ் தள்ளினோம். போர்டு சரியாயிடுச்சு. இப்போ அதுல தப்பே இல்ல. இல்லாத தப்பை நாம இன்னும் கழிச்சிட்டே இருக்கோம்."

"வந்து காமி" என்றேன்.

அவள் வந்து, விரலை நேராக வைத்தாள். விரலுக்கு அடியிலேயே புள்ளி வந்தது. வகுப்பு முழுக்க ஓவென்று ஒரு சத்தம். சிலர் எழுந்து பெஞ்ச் மேல் ஏறினார்கள். அதுவரை காட்டிய ஒழுங்கெல்லாம் காற்றில் போயிற்று. இரண்டு வலது, ஒன்று மேலே தள்ளுகிறதை ஈடுகட்ட இரண்டு இடது, ஒன்று கீழே போக வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று எதிர். இரண்டையும் சேர்த்தால் பூஜ்யம். இதைப் புரியவைக்க நான் எத்தனை வருஷம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு விளக்கம் சொல்ல நான் வாயே திறக்கவில்லை. அவர்களே ஒருத்தருக்கொருத்தர் கத்திச் சொல்லிக்கொண்டார்கள்.

மேடம் எழுந்து நின்றார். வகுப்பு அடங்கியது.

"அது என் வேலை. காலைல ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடியே கம்பெனி ஆளை வரவெச்சு ரிப்பேர் பண்ணிட்டேன். உங்க மிஸ்ஸுக்குக் கிளாஸ்ல கஷ்டமா இருக்கக் கூடாதேன்னு" என்றார். என்னைப் பார்த்து, "சொல்லத்தான் வந்தேன், நீங்க விடல" என்றார்.

அந்த நல்ல மனசுக்கு நான் நன்றி சொல்வதா, நாலு வார்த்தை கேட்பதா? இரண்டையும் தள்ளிவைத்துவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பினேன். ஆட்டோவுக்கு ஹெட்லைட் மட்டும் பாக்கி. பிள்ளைகள் "மேடம் வைக்கட்டும்" என்று கத்தினார்கள். அவர் தயங்கித் தயங்கி வந்தார், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார், வண்டியில் ஹெட்லைட் வைக்க வேண்டிய இடத்தை நன்றாகப் பார்த்தார், அப்புறம், அதுவரை பிள்ளைகள் தொட்டதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, விரலை இரண்டு கட்டம் இடது பக்கம், ஒரு கட்டம் கீழே கொண்டுபோய்த் தொட்டார். ஹெட்லைட் தெருவில் கிடந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மணியடித்த பிறகு வராண்டாவில் எனக்காக நின்றார்.

"நைந்த் உங்களுக்குத்தான். அந்தப் பொண்ணு சொன்னது என்னைப் பத்தியோன்னு தோணுச்சு. உங்க விஷயத்துல நானும் இல்லாத தப்பைக் கழிச்சிட்டே இருந்திருக்கேன்."

ஒரு வாரமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த சண்டை வசனமெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று அவசரமாக, "டென்த்தும் கொடுங்க மேடம். இந்தப் பசங்களோட நானும் பாஸாகிப் போறேன்" என்றேன். அவர் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வருஷம் பிறந்து டைம்டேபிள் ஒட்டினபோது இரண்டுமே என் பெயரில் இருந்தன.

இப்போது அதே பிள்ளைகள் பத்தாவதில் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வகுப்பு போர்டு புதிது, நேரானது, குறையே சொல்ல முடியாதது. என் கைதான் இன்னும் திருந்தவில்லை. ஏதாவது விளக்குகிற வேகத்தில் தன்னாலே இடது பக்கம் கீழே போய்த் தொட்டுவிடும். உடனே பின்னாலிருந்து அத்தனை பேரும் சேர்ந்து, "கழிக்காதீங்க மிஸ்" என்கிறார்கள்.