புள்ளி சாரின் தீவு

பூகோள வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் புள்ளி சார். மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அவராகவே முடிவு செய்துகொண்ட விஷயங்கள் இன்னும் நிறைய உண்டு.

பெயருக்குக் காரணம் ஒரு அட்டை. வேலைக்குச் சேர்ந்த வருடம், பள்ளியின் பெரிய தேசப்படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், எண்ணெய்த் தாளில் கரையோரம் முழுக்க நகலெடுத்து, அந்தத் தாளைக் கெட்டி அட்டையில் ஒட்டி, கோடு நெடுகக் கோணி ஊசியால் ஓட்டை போட்டார். வகுப்பில் அட்டையைக் கரும்பலகையோடு அழுத்திப் பிடித்து, சாக்பீஸ் தூள் நிறைந்த டஸ்டரால் தட்டுவார். அட்டையை எடுத்தால் பலகையெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். புள்ளிகளைச் சேர்த்தால் நாடு. முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். இரண்டாம் தடவை கொட்டாவி விடப் பிளப்பார்கள்.

அசல் படம் பழைய படுக்கைவிரிப்பில் சுற்றப்பட்டு பள்ளிக்கூடப் பீரோவுக்குள் போனது. யாராவது கேட்டால், "கிழிஞ்சா யாருய்யா பொறுப்பு?" என்பார். படம் கிழியவில்லை. அதை யாரும் பார்க்கவும் இல்லை. முப்பது வருடம் பீரோ பூகோளம் படித்தது.

எல்லாப் புள்ளிகளையும் சேர்த்த பிறகு மேற்கே நடுக்கடலில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். கடலில் மிஞ்சினால் தீவுதானே? சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒரு அட்லஸைப் புரட்டிப் பார்க்க அவருக்கு என்ன கேடு என்று தெரியவில்லை. "அட்லஸ் போடறவன் என்ன, கடல்ல இறங்கிப் பாத்தானா?" என்பது அவருடைய வாதம். தீவைப் போடாதவர்களுக்கு அரை மார்க் குறைத்தார். தொடையைத் திருகுவதும் உண்டு.

ஒரே ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள். எட்டாம் வகுப்பு, இரண்டாம் பெஞ்ச், அவருடைய சொந்த மகள்.

"சார், அட்லஸ்ல இந்தத் தீவு இல்லையே."

வாத்தியாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவளுடைய படத்தைக் கிழித்துப் போட்டார். "தீவு உண்டு" என்று இருநூறு தடவை எழுத வைத்தார். அவள் அழாமல் எழுதினாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அம்மாவிடம்தான் சொன்னாள். வேறு ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. போனில் அம்மாவோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, "அவர் நல்லா இருக்காரா?" என்று முடிப்பாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் 'அவர்' பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பார். உள்ளுக்குள் வலித்தது. வலிக்கிறது என்று சொன்னால் வாத்தியார் கௌரவம் என்ன ஆவது?

ஓய்வு பெறும் வருடம் வந்தது. பள்ளிச் சுவரில் தேசப்படம் வரைந்து, கீழே 'வரைந்தளித்தவர்' என்று அவர் பெயரைப் போடுவதாக முடிவாயிற்று. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய மாணவனான பெயிண்டர், அந்த அட்டையை வைத்துக் கட்டம் கட்டி, தீவு உள்பட அச்சு அசலாகச் சுவரில் ஏற்றிவிட்டான். கீழே பெயரும் எழுதியாயிற்று. அப்போதுதான், "மலைக்கு என்ன கலர் சார், சமவெளிக்கு என்ன கலர்?" என்று கேட்டான். வாத்தியாருக்குத் தெரிந்தது வெள்ளைப் புள்ளிகள் மட்டும். வேறு வழியில்லாமல் பீரோவைத் திறந்தார்.

படத்தில் தீவு இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் இல்லை. அட்டையைப் படத்தின் மேல் வைத்தார். கரையெல்லாம் ஊசி ஓட்டைகள். கடலில் இருந்த ஓட்டை மட்டும் பெரிது, ஆணியின் ஓட்டை. அன்றைக்கு ஓட்டை போடும்போது அட்டை நழுவுகிறது என்று சாப்பாட்டு மேசையோடு சேர்த்து ஆணி அடித்தவர் வேறு யார்? மேசை பாழாய்ப்போனதென்று மனைவி ஒரு வாரம் திட்டினாள். அந்த ஆணி முப்பது வருடம் தீவாக இருந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அப்போ அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

"அவகிட்ட சொல்லிடு," என்றார்.

"ஏன், உங்க வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அவளே போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். பிறகு மகள் கேட்டாள். "அவரே சொன்னாராம்மா? சுவத்துலேர்ந்து எடுத்துடுவாரா?"

"வெள்ளிக்கிழமை விழா. அதுக்குள்ள எடுத்துடுவார்."

"அப்போ வரேன்."

மறுநாள் வாத்தியார் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அவரும் பழைய மாணவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சார், அந்தத் தீவைப் போட்டு முழு மார்க் வாங்கினவன் நான். இப்ப வந்து இல்லேங்கறீங்களே?"

"படத்துல இல்லப்பா. அட்லஸ்லயும் இல்ல."

"அட்லஸ் போடறவன் கடல்ல இறங்கிப் பாத்தானான்னு நீங்கதானே சார் கேட்பீங்க? ரிடையர் ஆகற நேரத்துல மனசு இப்படித்தான் குழம்பும். போய் ரெஸ்ட் எடுங்க."

பெயிண்டரிடம் போனார். அவன் தொடையைத் தடவிக்கொண்டான். "இதை மறந்ததுக்கு எவ்வளவு திருகு வாங்கியிருக்கேன்! ஹெட்மாஸ்டர் சொல்லாம நான் கை வைக்க மாட்டேன் சார்."

இப்படி ஒரு கூட்டத்தை உருவாக்கிவிட்டவர் யாரைக் குறை சொல்வது? சொந்தமாக யோசித்தவர்களுக்கெல்லாம் அரை மார்க் குறைத்தார். யோசிக்காதவர்கள் முழு மார்க் வாங்கி, வளர்ந்து, இதோ எதிரே நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளி திறக்கும் முன்பே நீலப் பெயிண்ட் டப்பாவோடு போய், பெஞ்சைப் போட்டு ஏறி, தீவின் மேல் பூசினார். சுவரில் இருந்தது ஒரு நீலம், டப்பாவில் இருந்தது வேறு நீலம். தீவு இருந்த இடத்தில் கருநீலமாக ஒரு திட்டு, தெருவிலிருந்து பார்த்தால்கூடத் தெரிந்தது. வேலைக்கு வந்த பெயிண்டர் பதறிப்போனான். "ஐயோ பாவம், சாருக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று அவரைக் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். திட்டை மறைக்க வேண்டும், வேறு வழியில்லை என்று தீவை மூன்று மடங்கு பெரிதாக, நல்ல சிவப்பில் வரைந்தான். குரு பக்தி!

விழாவில் தலைமையாசிரியர் அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார். "தன் படைப்பைத் தானே அழிக்கப் பார்த்தார் நம்ம சார். எப்பேர்ப்பட்ட அடக்கம்!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வாத்தியார் மேடையில் எழுந்து, அது அடக்கம் இல்லை, அந்தத் தீவே பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக் பக்கத்தில்தான் இருந்தது. அவர் கைகூப்பினார்.

பஸ் தாமதமாகி மகள் வந்து சேரும்போது பேச்சு முடிந்திருந்தது. கையில் பையோடு நேராகச் சுவரின் முன் போய் நின்றாள். சிவப்புத் தீவைப் பார்த்தாள். கீழே அப்பாவின் பெயரைப் படித்தாள். வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருகே வந்தார்.

"அம்மா சொன்னதை நம்பி லீவு போட்டுட்டு வந்தேம்ப்பா," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"இல்லம்மா, நான் காலையில..."

"சார்! போட்டோ! எல்லாரும் ரெடி!" என்று தலைமையாசிரியர் கூப்பிட்டார். "அந்தத் தீவுக்குப் பக்கத்துல நில்லுங்க சார், அதான் நல்லா இருக்கும்."

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷத் தூரம். எட்டி நடந்தால் அவளைப் பிடித்துவிடலாம். வாத்தியார் அவள் போகிற பக்கம் பார்த்தார், போட்டோக்காரன் பக்கம் பார்த்தார், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு தீவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.