திருப்பூரில் வெயில் விற்றேன்

திருப்பூரில் சோலார் விற்பதும் பனியன் மொத்தச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய் பனியன் விற்பதும் ஒன்றுதான்; இங்கேயே கொட்டிக் கிடக்கிற சரக்கை உன்னிடம் எதற்கு வாங்க வேண்டும் என்பார்கள்.

ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்த நான், அந்த வேலையை விட்டுவிட்டுப் பல்லடம் ரோட்டில் சோலார் கடை திறந்தேன். நான், ஃபிட்டர் ரபீக், ஓர் ஏணி. இதுதான் மொத்தக் கம்பெனி. கடை திறந்தது சரியாகச் சித்திரை மாதம். செருப்பை மறந்துவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய், குதித்துக் குதித்துத் திரும்பி வந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். மேலே படியுங்கள்.

பச்சைத்தண்ணி மெஷின்

கடைக்குள் முதலில் காலடி வைத்தவர், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பழனிசாமி ஐயா. வெயிலில் தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டரைப் பற்றி நான் மூச்சு விடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க அம்மிணி" என்றார். முதல் ஆர்டர் விழுந்துவிட்டது என்று ரபீக்கையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். உச்சி வெயில் நேரம். ஐயா நேராகச் சமையலறைக்குக் கூட்டிப் போய்க் குழாயைத் திறந்து, "கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். நீட்டிய வேகத்திலேயே இழுத்துக்கொண்டேன். "ஹீட்டர் இல்லாமயே இப்படிங்க. பச்சத்தண்ணி வர்றதுக்கு எதாச்சும் மெஷின் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

மாடியில் கறுப்பு டேங்க் ஒன்று, பொட்டு நிழல் இல்லாமல் வெந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே உயரமாக ஸ்டாண்ட் அடித்து, கரண்ட் எடுக்கிற சோலார் தகடுகளை அதில் பரப்பினால் மேலே கரண்ட், கீழே நிழல் என்றேன். ஐயாவுக்குப் பிடித்துவிட்டது. வேலை முடிந்து சில நாள் கழித்துப் போனபோது, மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது ஓடுவதை ரசித்துக்கொண்டிருந்தார். அவருடைய சம்சாரம் எனக்கு மோர் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கரண்ட் எத்தன வருதுன்னு அவரு பாத்துக்கட்டுமுங்க. பாத்தரம் கழுவறப்ப இப்ப கை சுடறதில்லீங்க, எனக்கு அது போதும்."

பாதிக் கூரை

சாமளாபுரத்தில் குமாரசாமி அண்ணனுக்கு ஒரு தறி குடோன். சிமெண்ட் அட்டைக் கூரை. வெயில் ஏறினால் ஆட்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் தறி ஓட்டுவார்கள். நான் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் செல்வி என்கிற அக்கா தறியடியிலேயே மயங்கி விழ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அண்ணன் அதிலிருந்து மீளவில்லை. "அந்தப் புள்ள விழுந்த சத்தம் இன்னும் காதுலயே இருக்குதுங்க" என்றார்.

சோலாரோடு கூரைக்கு அடிக்கிற வெள்ளைப் பூச்சும் எங்களிடம் உண்டு, அதை அடித்தால் வெயிலில் பெரும்பகுதி பட்ட இடத்திலிருந்தே திரும்பிப் போய்விடும் என்று சொன்னேன். அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "வெள்ளையடிச்சா சூடு போயிருமாக்கும்? செரி, பாதிக்கு அடிங்க, பாக்கலாம். செல்வி தறி இருக்கற பக்கமே ஆரம்பிங்க" என்றார். ரபீக் ஆள் சேர்த்து, விடிந்தும் விடியாததுமாக ஏறி, வெயில் உறைப்பதற்குள் பாதிக் கூரையை முடித்து இறங்கினான்.

மறுநாள் மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், சாப்பாட்டுத் தூக்குகள் எல்லாம் வெள்ளைப் பக்கம் வந்துவிட்டன. பாயும் தண்ணீர்ப் பானையும் கூடவே வந்துவிட்டன. வேலைக்குத் திரும்பியிருந்த செல்வி அக்கா தலையில் துண்டு இல்லாமல் நூல் முடிந்துகொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. அண்ணன் தன் மேசையையும் ஃபேனையும் ஓசைப்படாமல் இந்தப் பக்கம் நகர்த்தியிருந்தார். மறுபாதிக்கு அடிப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று அவர் ஆரம்பித்தபோது, வெள்ளையடிக்காத பக்கத்தில் தறி ஓட்டும் தூத்துக்குடிக்காரர் மாரியப்பன் குறுக்கே வந்தார். அவர் சொன்னதைக் கேட்டு அண்ணனே வாய்விட்டுச் சிரித்து, அப்போதே மீதிக்கும் பெயிண்ட் சொல்லிவிட்டார். மாரியப்பன் கேட்டது இதுதான்: "மொதலாளி, மேசைய நீங்க தூக்கிட்டு வந்துட்டிய. தறிய நாங்க எப்படித் தூக்கிட்டு வர?"

லைன்மேன் தம்பிக்கு ஒரு இலை

பனியன் மொத்த வியாபாரி சலீம் பாய் தன் வீட்டு மாடி முழுக்க சோலார் தகடு போட்டார். வெயிலிலேயே ஏசி ஓடுவதைக் காட்ட ஈரோட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் பிரியாணிக்கு அழைத்துவிட்டார். எங்களுக்கும் அழைப்பு. ஹாலில் எல்லோரும் வட்டமாக உட்கார, பாய் ரிமோட்டை அமுக்கினார். ஜில்லென்று காற்று வந்தது. சம்பந்தி "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி வாய் மூடவில்லை, தெருவில் கரண்ட் போனது. ஏசியும் நின்றது.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்ட சோலார்காரர்கள் என் நிலைமையைப் புரிந்துகொள்வீர்கள். மாடியில் வெயில் கொளுத்துகிறது. கீழே அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். தெரு லைனோடு சேர்த்த சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் என்று விளக்கினேன். இல்லையென்றால் நம் மாடியில் உண்டாகும் கரண்ட் வெளியே பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரைத் தூக்கி அடித்துவிடும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருந்தேன். சந்தோஷத்தில் பாய் மறந்துவிட்டார். இப்போது வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெரு முனைக் கம்பத்தில் ஒரு லைன்மேன் நிஜமாகவே ஏறி நின்றுகொண்டிருந்தார். பாய் முகம் மாறியது. மருமகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாப்ளே, அந்தத் தம்பி கீழ எறங்குனதும் கையோட சாப்பிடக் கூட்டிட்டு வாங்க. அவரு உசுருக்காகத்தானே நாம இத்தன பேரும் வேர்த்துட்டு ஒக்காந்திருக்கோம்!"

சண்டைக்கு வந்த ஆள்

தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து ரத்தினக்கா போன் செய்தார். "ஏனுங்க, நீங்க வெச்ச ஹீட்டரோட ஒரு ஆளு தெனமும் காலைல வந்து சண்டை கட்டறானுங்க." எவனோ குடிகாரன் என்று நினைத்து ரபீக்கைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தால் மயில். ஹீட்டரின் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து, எதிராளி வந்துவிட்டான் என்று தோகையை விரித்து, கொத்து கொத்தென்று கொத்திக்கொண்டிருந்தது.

விரட்டலாம் என்றால் ரத்தினக்கா விடவில்லை, முருகன் வாகனமாம். சேலை போட்டு மூடினால் தண்ணீர் சுடவில்லை. கடைசியில் ரபீக்குக்கு ஒரு யோசனை வந்தது. மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால், மயில் வருகிற வழியில், பழைய பீரோக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி வைத்தோம். மயில் சண்டையை அங்கே மாற்றிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து ரத்தினக்கா மறுபடி போன் செய்தார். நான் பயந்துகொண்டே எடுத்தேன். "மயிலால ஒரு தொந்தரவும் இல்லீங்க. எங்கூட்டுக்காரருதான் இப்ப தெனமும் அங்க போயி நின்னு தல சீவறாரு. மயிலு வந்து காத்துக்கெடக்குது."

சரசக்கா தூங்கிவிட்டார்

பிகாசும் சுனிதாவும் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ரெண்டு பேருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. வரிசையாகக் கட்டித் தகரம் போட்ட லைன் வீட்டில் ஓர் அறை. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மத்தியானம் கரண்ட் போனால் சுனிதா அட்டையால் விசிறிக்கொண்டே இருப்பாள். கை ஓய்ந்தால் குழந்தை அழும். பிகாஸ் என் கடை வாசலில் வெகுநேரம் தயங்கி நின்று, மேலே சூரியனைக் காட்டி, "அக்கா, சின்ன ஃபேன், சூரஜ்ல ஓடும், இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. கூரையில் சின்னத் தகடு, உள்ளே சின்ன பேட்டரி, ஒரு ஃபேன். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் சரசக்கா தகரத்தின் மேல் ஏணி சாய்க்கவே விடவில்லை. "மழைக்கு ஒழுகுனா ஆரு பாக்கறது?" என்று வாசலை மறித்து நின்றார். நாங்கள் ஒழுகாமல் பூட்டுவதைக் கிட்டே நின்று பாருங்கள் என்றேன். நின்று பார்த்தார், முகத்தைக் கொஞ்சமும் தளர்த்தாமல்.

மறுநாள் மத்தியானம் ஃபேன் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். கரண்ட் இல்லை. லைன் முழுக்கக் கதவைத் திறந்துபோட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சுனிதா மட்டும் வாயில் விரலை வைத்து என்னை உள்ளே அழைத்தாள். ஃபேனுக்கு நேர் கீழே குழந்தை கையை விரித்துப் போட்டுத் தூங்கியது. பக்கத்தில், அதே மாதிரி கையை விரித்துப் போட்டு, சரசக்கா! என் காலடிச் சத்தத்தில் விழித்துக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாமல் கிசுகிசுத்தார்: "தகரம் ஒழுகுதான்னு பாக்கத்தான் வந்தேன் கண்ணு. படுத்துப் பாத்தாத்தானே கூரை தெரியும்?"

ஊரே திட்டினாலும் லீவு போடாமல் வேலைக்கு வருகிற ஒரே ஆள் எங்கள் தொழிலில் சூரியன்தான்; ரபீக் ஏறினால் ஏணி பிடிக்கத்தான் திருப்பூரில் ஆள் கிடைப்பதில்லை.