பொட்டு வைத்த பலூன்

செலுவம்பாவுக்குக் கேள்வி கேட்கும் வியாதி என்று மாமியார் இருந்த காலத்திலேயே பெயர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மேலுகோட்டையிலிருந்து மைசூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் சம்பத்குமார் காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று வகுப்பில் காட்ட அவருக்கு ஒரு யோசனை. தசரா பொருட்காட்சியில் வாங்கிய பலூனைக் கொஞ்சம் ஊதி, மேலெல்லாம் கண்மையால் பொட்டு வைக்கச் சொன்னார். செலுவம்பா பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து வைத்தாள். அவர் மேலும் ஊத, பொட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயின.

"ஒவ்வொரு பொட்டும் ஒரு நட்சத்திரக் கூட்டம். தெரிஞ்சுதா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்கு ஒன்றை விளக்கியது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"ஏன்னா, பலூன் பெருசாறதுக்கு இந்த ரூம் இருக்கு. ஆகாசம் எதுக்குள்ளே போய்ப் பெருசாறது?"

ஊதுவதை நிறுத்தி அவளை ஒரு பார்வை பார்த்தார். "பால் பொங்கறது, போய்ப் பாரு" என்றார்.

எங்கே பொங்குகிறது? இறக்கி வைத்துவிட்டுத்தானே வந்தாள். இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் ஏதோ வேலை சொல்லி விரட்டினார். அவள் கேட்டது நகையா நட்டா, ஒரு பதில். அதைக் கொடுக்க அந்த மனுஷனுக்குக் கை வரவில்லை.

அடுத்த தசராவில் ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் கன்னடத்தில் பேசினார். செலுவம்பா பெண்கள் பக்கம், அடுத்த வீட்டு ஜயம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். மேடையில் பலூனை ஊதிக் காட்டினார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பலூன் விரிய இந்த மண்டபம் இருக்கிறது. பிரபஞ்சம் எதற்குள் விரிகிறது? என் மாணவன் ஒருவன் கேட்டான். அன்றைக்கு எனக்குத் தூக்கமே போய்விட்டது."

கூட்டம் கை தட்டியது. "பையன் மகா கெட்டிக்காரன் போலிருக்கே" என்றாள் ஜயம்மா. மேடையில் அவரே பதிலும் சொன்னார். வெளியே என்று ஒன்று இருந்தே ஆக வேண்டியதில்லையாம். விரிவது இடமேதானாம், அதற்கு வேறு இடம் வேண்டாமாம். ஒரு வருஷமாக அவள் காத்திருந்த பதில். அதை ஊரோடு ஊராக உட்கார்ந்து கேட்கும்படி ஆயிற்று.

சபையில் பெண்டாட்டி பேச்சை எடுப்பது நம்மவர் வழக்கமில்லை, அதனால்தான் மாணவன் என்று சொல்லியிருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தேற்றி முடிப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னால், பால் பொங்குகிறது என்று எழுந்து ஓடிவிடுவாள்."

மண்டபமே சிரித்தது. ஜயம்மா அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள். அப்புறம் வீட்டில் செலுவம்பா கேள்வி என்று எதுவும் கேட்டதில்லை. வியாதி தீர்ந்தது என்று அவர் நினைத்திருக்கலாம்.

சில வருஷம் கழித்து, பெங்களூரிலிருந்து அதே பேச்சுக்கு அழைப்பு வந்தது. சம்பத்குமார் புதுப் பலூனோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இதுக்குப் பொட்டு வெச்சுக் கொடு."

அவள் திரும்பாமலே சொன்னாள். "உங்க கெட்டிக்கார மாணவனை வெக்கச் சொல்லுங்கோ."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"எந்த மாணவன்?" என்றார்.