கொள்ளிடத்தில் கேட்ட சீழ்க்கை

1964ஆ, 65ஆ என்பதில் எனக்கு உறுதியில்லை. மாசி மாதத்து விடியற்காலை என்பது நிச்சயம். கொள்ளிடத்தில் நீர்நாய்கள் இன்னும் இருக்கின்றனவா என்று அறிய வந்த வனத்துறை அதிகாரி ஒருவரை ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே மணலில் சந்தித்தேன். ஒல்லியானவர், நரைத்த மீசை. யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

நீளமான ஒயரில் ஒலிபெருக்கியை நீரோரம் வைத்துவிட்டு, நாணலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஜீயபுரத்தில் பதிவு செய்திருந்த நீர்நாயின் குரலை டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டார். பனிக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று பதில் தந்தது. பிறகு ஒரு நீர்நாய் கரையேறி, ஒலிபெருக்கியைச் சுற்றிச் சுற்றித் துணையைத் தேடியது. அவர் உடனே நாடாவை நிறுத்திவிட்டார்.

“இன்னொரு தடவை போடுங்க சார்.”

“வேண்டாங்க. இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே கூப்பிட்டா அதை ஏமாத்துற மாதிரி.”

அது தண்ணீருக்குத் திரும்பி வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் பதிவுப் பொத்தானைத் தொடவில்லை.

“பதிவு இல்லாம உங்க ஆபீஸ்ல நம்புவாங்களா?”

“நம்பமாட்டாங்க” என்றார். “ஆனா அது கூப்பிடுறது நமக்குச் சொல்றது இல்லீங்களே.”

தான் தேடி வந்த குரலையே ஒருவர் அப்படி விட்டுவிட்டுப் போனதாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.