தேருக்கு முன்னால் போகிறவர்

செருப்பைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் அகஸ்ரின் பிரேக்கில் கால் வைக்கிறார். வெறுங்காலுக்குத்தான் நிதானம் தெரியும் என்பது அவருடைய கட்சி. பின்னால், ட்ரக்கில் பூட்டிய மரத்திலிருந்து நேர்த்திக்காரர் ஒருவர் தூக்குக்காவடியில் தொங்குகிறார். முதுகிலும் தொடையிலும் கொக்கிகள். "நான் சடாரெண்டு பிரேக் அடிச்சா தோல் கிழியும். அந்த மனுசன்ரை முதுகு என்ரை காலிலை கிடக்கு" என்கிறார் அகஸ்ரின்.

மற்ற நாட்களில் வின்னிப்பெக்குக்குச் சரக்கு ஏற்றி ஓடுகிறவர். மில்லிக்கன் பக்கத்து முருகன் கோயிலில் தேர் என்றால் அந்தக் கிழமை முழுக்க லீவு. எட்டு வருடங்களுக்கு முன்பு, வழக்கமான ட்ரைவருக்குச் சுகமில்லை என்று கோயில் தலைவர் விநாயகமூர்த்தி அவசரத்துக்குக் கூப்பிட்டார். அன்று போனவர்தான், இன்றுவரை அவரே ஓட்டுகிறார். இத்தனைக்கும் ஆள் கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறாதவர். இங்கே கோயிலில் கொடி ஏறினால் அங்கே அவர் வீட்டில் மீனும் இறைச்சியும் நின்றுவிடும். மனைவி மெலிசாவின் வாய் சும்மா இருக்குமா? "தவக்காலத்திலை ஆட்டிறைச்சி கேட்ட மனுசன், இப்ப மரக்கறியாம்!"

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒருதரமாவது தேர்வடம் பிடிக்க வேண்டும். காவடி முன்னே போகும், தேர் பின்னே வரும். எனவே அகஸ்ரின் தேரைப் பார்ப்பதெல்லாம் பக்கக் கண்ணாடியில்தான். "அரோகரா" என்று சனம் வடத்தை இழுக்கும்போது அவருடைய கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கின்றன. நேர்த்திக்காரரைக் கொக்கி கழற்றி இறக்கிய பிறகு அவர் இறங்கி வருவதற்குள் தேர் இருப்பிடத்துக்கு வந்து நின்றுவிடும்.

"ஒருக்கா கேளுங்கோவன். ஐயர் என்ன, அடிக்கவோ போறார்?" என்று மெலிசா சொல்லாத வருடமில்லை.

"அவை ஓமெண்டுதான் சொல்லுவினம். ஆனா ஆரும் ஒருத்தர் முகத்தைச் சுழிச்சாலும், பிறகு நான் அங்காலை எப்பிடிப் போறது?"

உள்ளதும் போய்விடுமோ என்ற பயம். ஏக்கம் மட்டும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது.

இந்த வருடமும் அப்படித்தான். தேர் நின்று, சுவாமியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சனம் அன்னதானத்துக்குப் போயாயிற்று. அகஸ்ரின் ட்ரக்கை வெளியே எடுக்கப் பார்த்தால், ஒரு நுனி இன்னும் தேரில் கட்டியபடி வடம் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. நிறுத்திவிட்டார்.

"மேலாலை விடுங்கோ அண்ணை," என்றார் வாகனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பிரதீபா. "தேர்தான் வந்திட்டுதே. இனி உது சும்மா கயிறுதானே."

அகஸ்ரின் இறங்கினார். உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்தார். குனிந்து, வடத்தை இரண்டு கைகளாலும் தூக்கி ஓரத்துக்குக் கொண்டுபோனார். பிரதீபா இன்னொரு காருக்குக் கைகாட்டத் திரும்பும்வரை அப்படியே நின்றார். பிறகு, கீழே வைப்பதற்கு முன், மெதுவாக ஒருதரம் இழுத்தார்.