போன் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்

என் தம்பி ஏழுமலை மூன்று வருடம் தொடர்ந்து திருப்பதிக்குக் கோவிந்த மாலை போட்டான். ஒவ்வொரு முறையும் ஒரு மண்டலம் முழுக்கக் கஞ்சா பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. விடியலில் குளியல், நெற்றியில் நாமம், வாயில் கோவிந்தா. ஒவ்வொரு முறையும் மலையேறித் தரிசனம் முடித்து, மாலையைக் கழற்றி இறங்கிய அதே வாரத்தில் பழையபடி புகை.

மூன்றாவது முறை அவன் மனைவி சுகுணா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாராயணவனத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொன்னாள்: "மாலை போட்ட மனுசனோட தான் மாமா என்னால குடித்தனம் பண்ண முடியும். மத்த மாசத்துக்கு நீங்களே வச்சிக்கினு இருங்க."

அவன் ஓட்டுவது மினி லாரி. புத்தலப்பட்டில் காய்கறி ஏற்றி, நெடுஞ்சாலை வழியாகத் தடா என்ற ஊர் வரை போவான். போதையோடு அந்த நெடுஞ்சாலையில் போகிறான் என்ற நினைப்பிலேயே என் சோறு இறங்காது. எங்காவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை தானாக அவன் நம்பரைத் தேடும். அவனோ எடுக்கவே மாட்டான்.

"பெருமாளே, இவனைக் காப்பாற்று" என்று நான் அழாத சனிக்கிழமை இல்லை. அன்பர்களே, நான் கேட்டது அற்புதம். அவர் கொடுத்தது சிலபஸ்.

சித்தூரில் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளன் நான். பாட்டிலுக்குள் இருக்கும் பாம்புக்கும் தவளைக்கும் தூசி தட்டுவது என் உத்தியோகம். பதவி உயர்வுக்கு மேல்படிப்பு வேண்டும் என்றார்கள். நாற்பத்து மூன்று வயதில் திருப்பதியில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். விருப்பப் பாடங்களில் ஒன்று காலையில், இன்னொன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் வயிற்றைக் கேட்டேன். அது மத்தியானம் என்றது. பாடத்தின் பெயரை வகுப்புக்குப் போன பிறகுதான் முழுசாகப் படித்தேன்: போதைப் பழக்கத்தின் நரம்பியல்.

நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், பாடம் எடுக்க வந்தவன் என்று நினைத்து. உட்காரச் சொல்லிவிட்டு நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு வந்த மேடத்துக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கடைசி வரை என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார்.

ஆசையை எழுப்புவது போதைப்பொருள் மட்டுமல்ல. அதோடு சேர்ந்து பழகிய இடம், நேரம், வாசனை, ஆட்கள் எல்லாமே மூளைக்குள் மணி அடிக்கும் என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் குறும்பு சும்மா இருக்குமா? எழுந்து, "எனக்குத் தெரிந்த ஒருத்தன் மேடம்" என்று தம்பியின் மாலைக் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். மாலை கழுத்தில் இருந்தால் மகான், கழுத்தை விட்டு இறங்கினால் புகைபோக்கி. வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

மாலை போட்ட நாட்களில் அவர் எங்கே தூங்குகிறார், யாரோடு இருக்கிறார், ஊர் அவரை எப்படிக் கூப்பிடுகிறது என்று கேட்டார். பஜனை மடத்தில் தூங்குவான், கூட இருப்பவர்களும் மாலை போட்டவர்கள், எல்லாரும் சாமி என்பார்கள் என்றேன். "கழட்டின மறுநாள், வீட்டில நீங்க என்ன செய்வீங்க சார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஒருத்தன் என்ற வேஷம் அங்கேயே கலைந்தது. மறுநாள் லாரிச் சாவியைக் கையில் கொடுத்து, அதே தடா ரூட்டுக்கு, அதே கூட்டாளிகளிடம் அனுப்பி வைத்தது நாங்கள்தான். பெருமாள் ஒரு மண்டலம் பத்திரமாக வைத்திருந்து ஒப்படைத்த பிள்ளையை, வருடா வருடம் நாங்களே தொலைத்திருக்கிறோம்.

வகுப்பு முடிந்ததும் மேடம் தனியாகப் பேசினார். ஆசை ஏறும், அங்கேயே நிற்காமல் நகர்ந்து, யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் மெல்ல இறங்கிவிடும். புகைக்கப் போவதற்கு முன்னால் அவர் உங்களைப் போனில் கூப்பிட்டால் பாதி மலை ஏறியாகிவிட்டது என்றார். டாக்டரிடம் அழைத்துப் போகவும் சொன்னார்.

நான்காவது முறை மாலை போடும் முன்பே ஏழுமலையை அரசு மருத்துவமனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மண்டலம் முடிந்து இருவரும் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்தே ஏறினோம். ஒவ்வொரு மண்டபத்திலும் நான் பிணம்போல் விழ, அவன் என்னை எழுப்பினான். எங்களில் யாருக்கு வைத்தியம் தேவை என்று போகிறவர்கள் குழம்பியிருப்பார்கள்.

இந்த முறை என் வேண்டுதல் சின்னது. "பெருமாளே, அடுத்த தடவை தோணும்போது, முன்னாடியே எனக்கு ஒரு போன் பண்ண வை." வரிசைக்கு வரும் முன்பே போனைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நின்று போனுக்காக வேண்டியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இறங்கியதும் தடா ரூட்டை நிறுத்தினோம். சித்தூருக்குள்ளேயே பால் வண்டி, என் வீட்டில் படுக்கை, வாராவாரம் டாக்டர். நான் மட்டும் அவனைச் சாமி என்றே கூப்பிட்டேன். முதலில் முறைத்தான், பிறகு பழகிவிட்டது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வகுப்பில் என் செமினார். தலைப்பு, விட்ட பழக்கம் ஏன் திரும்புகிறது என்பது. வாயைத் திறக்கிறேன், சட்டைப் பையில் போன் அலறுகிறது. திரையில் ஏழுமலை. வாழ்நாளில் தானாக என்னைக் கூப்பிடாதவன். என் முகத்தைப் பார்த்த மேடம், "போன் எத்தண்டி சார்", எடுங்கள் என்று தெலுங்கில் சொல்லி வெளியே கைகாட்டினார்.

"அண்ணா, தடால கீறேன். வேற டிரைவர் வரலன்னு ஓனர் அனுப்ட்டாரு. அவனுங்க எல்லாம் டீக்கடையில குந்திக்கினு கூப்புடறானுங்க. எனக்கும் தோணுது ணா."

 அவனை வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் பக்கம் போய் நிறுத்தச் சொன்னேன். போனை வைக்காதே என்றேன். சரி, அடுத்து என்ன பேசுவது? நாளெல்லாம் ஊர்க்கதை பேசுகிற வாய், அன்றைக்குப் பார்த்து வறண்டுவிட்டது. மனதில் இருந்தது ஒன்றுதான். வராந்தாவில் நின்று என் செமினாரை முதலிலிருந்து அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். டோபமின், முன்மூளை, நினைவுத் தடம், ஒன்றும் விடவில்லை.

நடுவில் அவன் மூச்சு சீரானது கேட்டது. நான் நிறுத்தவில்லை.

"அண்ணா."

"சொல்லு சாமி."

"போதும் ணா. இத்த கேக்கறதுக்கு வண்டிய ஓட்டிக்கினு ஊட்டுக்கே வந்துடறேன்."

"வா சாமி. துன்னாம காத்திருக்கேன்."

வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதேன். உள்ளே போனபோது மேடம், அடுத்த வாரம் பேசுங்கள் சார் என்றார். அடுத்த வாரம் பேசியதற்கு மதிப்பெண் சுமார்தான். என் உருப்படியான செமினாரைக் கேட்ட ஒரே ஆள் அன்று பெட்ரோல் பங்கில் இருந்தான்.

சுகுணா பங்குனியில் திரும்பி வந்தாள். இடையில் ஒருமுறை அவன் சறுக்கினான். அதையும் மறைக்காமல் தானே சொன்னான், மறுநாளே டாக்டரிடம் போனோம். இனி சறுக்கவே மாட்டானா என்று எனக்குத் தெரியாது. கூப்பிடுவான் என்று தெரியும். அந்த ஒரு நம்பிக்கையில் இப்போதெல்லாம் என் வீட்டில் எல்லாரும் தூங்குகிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் உடைந்த வெட்கத்தில் சாமியையும் விட்டு ஓடிவிடுவார். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பெருமாளிடம் தைரியமாகக் கேளுங்கள், சின்னதாகவே கேளுங்கள். அவர் நிச்சயம் கொடுப்பார். கொடுக்கும்போது நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும், அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போங்கள்.